ஆஸ்திரேலியாவுக்குள் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களுக்கு: பெட்டியைவிட மாதம் முக்கியம்

புதிதாக வந்தவர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "டிசம்பர் லீவு பத்து நாள் இருக்கு, சிட்னி, கெய்ர்ன்ஸ், உலுரு, மெல்பர்ன் நாலையும் பாத்துடலாமா, என்ன துணி எடுத்துக்கிறது?" துணியைப் பிறகு பார்க்கலாம். டிசம்பரில் அந்த நாலில் இரண்டுக்குப் போகவே கூடாது என்பது என் கட்சி.

காரணம் இருக்கிறது. இங்கே கோடை என்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, நமக்குத் தலைகீழ், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த நாலு பருவக் கணக்கு தெற்குப் பக்கத்துக்கு மட்டும்தான் பொருந்தும். டார்வின், கெய்ர்ன்ஸ் பக்கம் இருப்பதே இரண்டு பருவம், மழை ஒன்று, வறட்சி ஒன்று. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை, புயல், நம்ம ஊர் ஐப்பசி அடைமழையும் சித்திரைப் புழுக்கமும் ஒரே நாளில் வந்த மாதிரி இருக்கும். டார்வின் பக்கத்துக் கக்காடு தேசியப் பூங்காவில் பல பாதைகளை வெள்ளத்துக்காக மூடிவிடுவார்கள், அருவியைப் பார்க்கப் போய்த் தடுப்புக் கம்பியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கடலில் இறங்கலாம் என்றால் பெட்டி ஜெல்லி மீன் காலம், கிட்டத்தட்ட நவம்பர் முதல் மே வரை. வலை கட்டிய இடத்தில் மட்டும், அதுவும் உடம்பு முழுக்க மூடும் உடை போட்டுக்கொண்டு இறங்கலாம். முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் கரையோரம் நின்று கால் நனைப்பதுகூட வேண்டாம்.

அதனால் என் கணக்கு இதுதான்: வடக்கும் நடுப்பாலைவனமும் மே முதல் செப்டம்பருக்குள், மெல்பர்ன், டாஸ்மேனியா எல்லாம் நவம்பர் முதல் மார்ச்சுக்குள். ஜூலையில் மெல்பர்னில் பகலிலேயே 14 டிகிரி தாண்டினால் பெரிய விஷயம், அதே நாளில் டார்வினில் 30, வானம் பளிச்சென்று இருக்கும். ஒரே நாடுதான், ஒரே வாரம்தான், ஆனால் இரண்டுக்கும் ஒரே பெட்டி ஒத்துவராது.

இதைத் தெரிந்துகொள்ள நான் கொஞ்சம் செலவழித்தேன். வந்த இரண்டாம் வருடம் ஜூலை மாதம், நடுப்பாலைவனத்தில் பெரிய பாறை இருக்கும் உலுரு போனோம். பாலைவனம்தானே, வெயில்தானே என்று சென்னை மூளை சொல்லிற்று, நான்கு பருத்திச் சட்டை, இரண்டு அரைக்கால் சட்டை, தொப்பி. பகலில் 20 டிகிரி, அருமை. சூரிய உதயம் பார்க்க விடியுமுன் கிளம்பியபோதுதான் தெரிந்தது, அந்தப் பக்கம் குளிர்காலத்தில் இரவு பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வரும் என்று. பையன் பல் தாளம் போட, விடுதிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்ற ஒரே குடும்பம் நாங்கள்தான். பக்கத்தில் ஒரு வயதான ஜோடி குல்லா, கையுறை, பிளாஸ்க் காபி சகிதம் நிதானமாக நின்றிருந்தார்கள். ஈரக்காற்று இல்லாத இடத்தில் பகல் சூடு இரவில் தங்காது, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், பெட்டி கட்டும்போது ஞாபகம் வரவில்லை.

அதே இடத்துக்கு ஜனவரியில் போனால் கதையே வேறு. உலுருவுக்குப் பக்கத்துப் பாறைக் கூட்டமான காட்டா ஜுட்டாவில் 36 டிகிரி என்று முன்னறிவிப்பு வந்தாலே நடைபாதையில் ஒரு பகுதியைக் காலை 11 மணிக்கு மூடிவிடுகிறார்கள். கண், மூக்கு, காது என்று ஈ மொய்க்கும், தலையில் மாட்டும் ஈ வலையைக் கேலியாகப் பார்க்காமல் வாங்கிவிடுங்கள். உலுரு பாறை மேல் ஏறுவது 2019 அக்டோபரோடு நின்றுவிட்டது, அது அந்த மண்ணின் அனங்கு மக்களுக்குப் புனித இடம், சுற்றி நடக்கலாம், சுமார் 10 கிலோமீட்டர். இன்னொன்று, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இறங்கினால் உலுரு பக்கத்தில் என்று நினைத்து டிக்கெட் போடாதீர்கள். நடுவில் 450 கிலோமீட்டர், ஐந்து மணி நேர ஓட்டம்.

தூரம் என்றதும் ஞாபகம் வருகிறது. வரைபடத்தில் கைவிரல் அகலம் இருந்தால் போதும், நம் ஆட்கள் "காரிலேயே போய்டலாம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். சென்னையிலிருந்து கன்னியாகுமரி 700 கிலோமீட்டர், பிரிஸ்பேனிலிருந்து கெய்ர்ன்ஸ் 1,700. ஒரே மாநிலத்துக்குள்! அடிலெய்டிலிருந்து பெர்த் 2,700, அதில் நல்லார்போர் சமவெளியில் ஒரு இடத்தில் 146 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. அந்தச் சாலையில் தூக்கம்தான் எதிரி. சாயங்காலம் இருட்டத் தொடங்கினால் கங்காரு. உள்நாட்டுப் பகுதியில் இரவில் வண்டி ஓட்டாதீர்கள், வாடகை வண்டி என்றால் பல ஒப்பந்தங்களில் அங்கே இரவு ஓட்டினாலோ மண்சாலையில் இறக்கினாலோ காப்பீடே செல்லாது. சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், படியுங்கள். சர்வோ (பெட்ரோல் பங்க்) கண்ணில் பட்டால், பாதி டாங்க் இருக்கிறதே என்று கடந்து போகாமல் நிரப்பிவிடுங்கள். வழியில் எங்கும் கிடைக்கும் என்று நம்பாமல் தண்ணீர் கேன்களை டிக்கியில் போடுங்கள். ஊர் எல்லை தாண்டினால் மலிவு சிம்மில் சிக்னல் போய்விடும், வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது துணி. ஊரிலிருந்து கனமான கோட்டு வாங்கி வராதீர்கள், பெட்டியில் பாதி இடம் அதற்கே போகும், மெல்பர்ன் மழைக்கு அது நனைந்து கனக்கும். அடுக்கடுக்காகப் போடுவதுதான் இங்கே வழி: உள்ளே தெர்மல், மேலே மெல்லிய ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத, தலைமூடி வைத்த ஜாக்கெட். மெல்பர்னில் குடை எடுத்துப் போனால் காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். தெர்மல் கே-மார்ட்டில் மலிவாகக் கிடைக்கும், பனிக்கு ஒருமுறைதான் போகப் போகிறீர்கள் என்றால் ஆப் ஷாப்பில் (பழைய துணி விற்கும் தொண்டுக் கடை) தேடுங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். ஜனவரியில் ஹோபார்ட் போகிறவர்களும் ஒரு ஜாக்கெட் வையுங்கள், ஊரை ஒட்டிய குனானி (மவுண்ட் வெலிங்டன்) மலை உச்சி 1,271 மீட்டர், கோடையிலும் சில நாள் பனி தூவும்.

பனிமலைக்குக் குளிர்காலத்தில் போகிறீர்கள் என்றால் வண்டிக்கும் துணி வேண்டும்! நியூ சவுத் வேல்ஸ் பக்கம் கோசியஸ்கோ பூங்காவுக்குள் ஜூன் நீண்ட வார இறுதியிலிருந்து அக்டோபர் நீண்ட வார இறுதி வரை டூ வீல் டிரைவ் கார்களில், பனியில் வழுக்காமல் டயரில் மாட்டும் சக்கரச் சங்கிலி இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். டீசல் வண்டி என்றால் சிட்னியில் போட்ட டீசல் மேலே போய் மெழுகு மாதிரி உறைந்துவிடும், மலைக்குப் போகும் வழியில் ஜிண்டபைனில், குளிரில் உறையாத ஆல்பைன் டீசல் கிடைக்கும், அங்கே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.

வெயில் விஷயத்தில் "நம்ம கலருக்கு சன்ஸ்கிரீன் எதுக்கு" என்று சொல்லும் மாமா ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார், எங்கள் வீட்டில் அவர் நானே. ஒரு மேகமூட்ட நாளில் கடற்கரையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, காது மடல் தோலுரிந்து வந்த பிறகு வாய் மூடிக்கொண்டேன். சூடு வேறு, யுவி (புற ஊதாக் கதிர்) வேறு. யுவி அளவு 3-ஐத் தொட்டாலே 50+ சன்ஸ்கிரீன் பூசுங்கள், வானிலைச் செயலியிலேயே போட்டிருக்கும். கடலில், உயிர்காப்பாளர்கள் நட்ட சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகள் இரண்டுக்கும் நடுவில் மட்டும் இறங்குங்கள், மெரினாவில் வளர்ந்தவன் என்ற தைரியம் இங்கே வேண்டாம்.

சாப்பாடு. சைவம் என்றால் நெடுஞ்சாலை ரோடுஹவுஸில் (பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த சாப்பாட்டுக் கடை) சிப்ஸும் டோஸ்ட்டும்தான் மிஞ்சும். நாங்கள் சின்ன ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி, ஊறுகாய், எஸ்கியில் (ஐஸ் பெட்டி) தயிர், இவ்வளவோடு கிளம்பிவிடுவோம். மோட்டல் அறையைவிடக் கேரவன் பார்க் கேபின் நல்லது, அடுப்போடு வரும். ஆனால் மாநில எல்லையில் ஜாக்கிரதை. வெளிநாட்டிலிருந்து வரும்போதுதான் சோதனை என்று நினைக்காதீர்கள், பழ ஈக்குப் பயந்து மாநிலத்துக்கு மாநிலமே தடை உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழம் கூடாது, மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பச்சைக் காய்கறி, பழம், தேன் எதுவும் போகாது. பெர்த்தில் இறங்கியபோது அம்மா ஆசையாகக் கட்டிக்கொண்டு வந்த கறிவேப்பிலையும் தேன் பாட்டிலும் தொட்டிக்குள் போயின, முன்பே சொல்லிவிட்டதால் அபராதம் இல்லை. அம்மாதான் பெர்த் முழுக்க அந்தக் கறிவேப்பிலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

விமானத்தில் மலிவு டிக்கெட் என்றால் கைப்பை 7 கிலோதான், எடை போட்டுப் பார்ப்பார்கள். உள்நாட்டு முனையத்தில் ஏறினால் 100 மில்லி திரவக் கட்டுப்பாடு கிடையாது, ரசம் பிளாஸ்க்கோடு ஏறலாம், நான் ஏறியிருக்கிறேன்.

அப்புறம் கடிகாரம். கோடையில் சிட்னியில் பகல் 12 என்றால் பிரிஸ்பேனில் 11, அடிலெய்டில் 11:30, டார்வினில் 10:30, பெர்த்தில் 9. சிட்னி பக்கம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள், பிரிஸ்பேன் இருக்கும் குவீன்ஸ்லாந்து கடிகாரத்தைத் திருப்புவதே இல்லை. கோல்ட் கோஸ்ட் விமான நிலையம் மாநில எல்லையை ஒட்டியே இருப்பதால், தெற்கே நியூ சவுத் வேல்ஸ் பக்கம் ட்வீட் ஹெட்ஸில் அறை எடுத்தவர்கள் போன் எந்த மாநில நேரம் காட்டுகிறது என்று அலாரம் வைக்குமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.