"பேத்தி மாதிரி"ன்னு சொல்லிக்கிட்டே பக்கத்துல வார பெருசுகள்: உங்க அனுபவம் என்ன?

பேட்டைக்காரி:

பொங்கலுக்கு வந்திருந்த எங்க அக்கா மவ, தெருவுல போன ஒரு ஆளைப் பாத்து "டர்ட்டி ஓல்ட் மேன்"னு முணுமுணுத்தா. இங்கிலீஷே தெரியாத எங்க ஆச்சி, "யாரு, கடைசி வீட்டுக்காரனா?"ன்னு கேட்டுட்டாவ. ஆளைப் பத்தி ஊருக்கே தெரியும், வாயைத் தொறந்து சொன்னதுதான் இல்ல.

வார்த்தைக்கு வார்த்தை பாத்தா "அழுக்குக் கிழவன்", ஆனா அழுக்குக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. குளிச்சு, திருநீறு பூசி, சலவை வேட்டியோட நிக்க ஆளையும் அப்படித்தான் சொல்லுவாங்க. மவ வயசு, பேத்தி வயசுப் பிள்ளைகளைப் பாத்து வழியுறவன், சாடையா அசிங்கம் பேசுறவன், கூட்டத்துல கை நீட்டுறவன் எல்லாம் இதுல சேத்தி. முகத்துக்கு நேரா சொன்னா பெரிய வசவு. சேக்காளிகளுக்குள்ள சொன்னா வெறும் கேலி. பிபிசியில 1962-ல ஆரம்பிச்ச ஒரு சிரிப்பு நாடகத்துல மவன் அப்பனை ஓயாம இப்படித்தான் வைவான், பாக்கவங்க சிரிப்பாங்க. நாமளும் "பெருசு சேட்டை"ன்னு சிரிச்சு விட்டுருதோம்லா? அந்தச் சிரிப்பும், நாம கூப்பிடுத தாத்தா, அண்ணாச்சிங்குற மரியாதையுந்தான் அவனுக்கு வசதி.

என் கதை பஸ்ஸுல. 2021 மே மாசம் டவுன் பஸ்ஸுல பொம்பளைகளுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லைன்னு ஆனதுல இருந்து, திருநெல்வேலி சங்ஷன்ல இருந்து பேட்டைக்கு வார வண்டியில எங்க கூட்டந்தான். ஒரு பெரியவரு ஓரத்து சீட்டுல இருந்துக்கிட்டு, "உக்காரு தாயி, நீ என் பேத்தி மாதிரி"ன்னு அரை சீட்டு ஒதுங்கினாரு. மடியில நாலா மடிச்ச பேப்பர். கொஞ்ச நேரத்துல அந்தப் பேப்பர் என் பக்கமா நகந்து வந்துச்சு, அதுக்கு அடியில கை. எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு. பக்கத்துல நின்ன பூக்காரம்மாதான் சத்தம் போட்டாவ: "தாத்தா, கையை எங்க வச்சிருக்கிய? மேல எடுத்து வைங்க, எல்லாரும் பாக்கட்டும்!" கண்டக்டர் திரும்பிப் பாத்து, "பெரிய மனுசரு, விடும்மா"ன்னாரு. எனக்கு அந்தக் கையை விட இந்தப் பேச்சுதான் எரிச்சல்.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க.

முக்கூடல் மருமகள்:

எங்க பக்கம் பீடிக்கடை. வீட்டுல இருந்து சுத்துன பீடியைக் கட்டுக் கட்டி சாயங்காலம் கொண்டு குடுக்கணும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி. வாங்கிப் பாக்குத ஆளுக்கு அறுபதுக்கு மேல இருக்கும். கட்டைக் கையில வாங்கி, மூக்குக்கிட்ட கொண்டு போயி, "நல்லா சுத்தியிருக்கியே, விரலைக் காட்டு பாப்போம்"பாரு. காட்டுனா விட மாட்டாரு. வெடுக்குன்னு இழுத்துக்கிட்டா அன்னைக்கு உன் கட்டுல பாதி கழிவு. இலை சரியில்ல, தூள் கம்மின்னு பிரிச்சு ஒரு ஓரமா வீசுவாரு. கழிச்ச பீடிக்குக் கூலியும் கிடையாது, இலைக் கணக்கும் இடிக்கும். அதனால கல்யாணமாகாத பிள்ளைகள் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கும்.

நான் கல்யாணமாகி வந்த புதுசு. என் கையைப் பிடிச்சதும் பின்னால நின்ன எங்க அத்தை முன்னால வந்து, "அண்ணாச்சி, எம் மருமவளுக்கு ரேகையா பாக்குதிய? நானும் இத்தன வருசமா சுத்துதேன், எனக்கும் பாத்துச் சொல்லுங்க"ன்னு காப்புக் காச்சிப்போன கையை அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டுனாவ. வரிசையில நின்ன அத்தனை பேரும் கையை நீட்டிட்டாவ. மனுசன் நோட்டுல இருந்து தலையைத் தூக்கல.

இதோட முடிஞ்சிதுன்னு நினைக்காதிய. மறுநாள் எங்க வீட்டுக் கட்டு முழுசும் கழிவு. பொம்பளைகள் எல்லாரும் சேந்து முதலாளி வீட்டுக்குப் போனோம். ஆளை நிறுத்தல. உள்ள இலை மூட்டை எண்ணப் போட்டாவ. அதுவே எங்களுக்குப் பெருசு.

பேட்டைக்காரி:

மதினி, உங்க அத்தைக்கு ஒரு கும்பிடு. பத்துப் பேருக்குக் கொறைவா வேலை பாக்குத இடமா இருந்தாலும், வேலை பாக்குத இடத்துல பாலியல் தொந்தரவைத் தடுக்குத 2013 சட்டப்படி மாவட்டத்துல இருக்க உள்ளூர் குழுவுல புகார் குடுக்கலாம். முதலாளி மனசு வைக்கணும்னு காத்திருக்க வேண்டாம்.

ரிட்டயர்டு வாத்தியார், பாளை:

நானும் பெருசுதான், திட்டாதீங்க. வ.உ.சி. மைதானத்துல காலையில நடக்கோம். எங்க செட்டுல ஒருத்தர், போற வார பிள்ளைகளைப் பத்தி ஏதாவது சொல்லுவார். "வே, உமக்குப் பேரன் பொறந்தாச்சு"ன்னு மத்தவங்க கிண்டல் பண்ணுவாங்க. அவருக்கு அது பட்டம் குடுத்த மாதிரி, இன்னும் ரெண்டு சேத்துச் சொல்லுவார். இப்ப யாரும் பதிலே பேசுறதில்ல. மனுசருக்கு அதுதான் தாங்கல.

அம்பாசமுத்திரம்:

எங்க வீட்டுல நடந்தது வேற. எங்க மாமாவுக்கு 72 வயசு. பொம்பளைகள்ட்ட தரையைப் பாத்துப் பேசுத மனுசர். திடீர்னு, பால் ஊத்த வார பொண்ணுக்கிட்ட வாயில வராத பேச்சு. தெருவுல தலை காட்ட முடியல. எங்க வீட்டுக்காரர் அவர்ட்ட பேச்சையே நிறுத்திட்டாரு. நரம்பு டாக்டர்ட்ட வழக்கமான செக்கப்புக்குப் போனப்ப நான்தான் கூச்சத்தை விட்டுச் சொன்னேன். உடனே மாத்திரைச் சீட்டை வாங்கிப் பாத்தாரு. மாமாவுக்கு இருக்க பார்க்கின்சன்ங்குற நடுக்க நோய்க்குக் குடுக்குத பிரமிபெக்சால், ரோபினிரோல் மாதிரி மாத்திரைகள் சில பேருக்குக் காம எண்ணத்தைக் கட்டுமீற வைக்குமாம். சில பேரு சூதாட்டத்துல விழுந்துருவாவளாம். அளவைக் கொறச்சு மருந்தை மாத்தினாரு, கொஞ்ச நாள்ல பழைய மாமா ஆயிட்டாவ. நீங்களா மாத்திரையை நிறுத்திராதிய, அது ஆபத்து. மூளையோட முன்பக்கம் சுருங்குத மறதி நோய்லயும் இப்படிக் கூச்சம் விட்டுப் போகுமாம்.

ஆனா, வாலிபத்துல இருந்தே இதே பொழப்பா இருக்கவனுக்கு இந்தக் கதையைச் சொல்லித் தப்பிக்க விட்டுராதிய.

டவுன் பஸ் கண்டக்டர்:

பேட்டைக்காரி அக்கா, "விடும்மா"ன்னு சொன்னது நானில்ல! 2022-ல தமிழ்நாடு மோட்டார் வாகன விதியைத் திருத்தி, முறைச்சுப் பாக்குறது, கண்ணடிக்கிறது, விசிலடிக்கிறது எதுக்கும் ஆளை இறக்கிவிடலாம், போலீஸ்ல ஒப்படைக்கலாம்னு ஆக்கியாச்சு. சின்ன வயசுப் பயலா இருந்தா பஸ்ஸே சேந்து இறக்கும். ஒரு தடவை வேற ஒரு பெரியவரை வண்ணாரப்பேட்டையில இறக்கிவிடப் போனேன், "வயசான மனுசனை வெயில்ல விடுதியே, நீ நல்லாயிருப்பியா"ன்னு பஸ்ஸே என்னை வஞ்சுது. வஞ்சதுல பாதி பொம்பளைகள். அதனால இப்ப சத்தமா, "அண்ணாச்சி, இது லேடீஸ் சீட்டு, பின்னால வாங்க, நான் இடம் தாரேன்"னு கூப்பிட்டு, கடைசி சீட்டுல நாலு தடிப்பயலுவளுக்கு நடுவுல உக்கார வச்சிருதேன். எந்திரிக்கவே மாட்டாரு. அதுக்கும் மசியலன்னா வண்டியை நேரா ஸ்டேஷனுக்கு விடச் சொல்லுதேன். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான்: இறங்கினப்புறம் சொல்லாதீங்க, வண்டி ஓடும்போதே எந்த சீட்டுன்னு கையைக் காட்டுங்க.