8 வயசுப் பையனுக்கு சொத்தைப் பல், லேசர் பண்ணலாமா?

கீழக்கரை உம்மா:
எல்லாருக்கும் சலாம், வணக்கம். மகனுக்கு 8 வயசு, கீழ கடைவாய்ப்பல்லுல கருப்பா குழி விழுந்திருக்கு, சாப்பிடுறதெல்லாம் அதுல போய் அடைச்சுக்குது, ஐஸ் பட்டா கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுறான். இங்க டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனா ட்ரில் சத்தம் கேட்டதுமே வாயைத் திறக்க மாட்டேன்னுட்டான். மதுரைல ஒரு கிளினிக்ல லேசர்ல எடுத்துடலாம், ஊசி கூட வேணாம், வாய்ல உள்ள கிருமியெல்லாம் செத்துடும், அப்புறம் சொத்தையே வராதுங்குறாங்க. மாமியார் பால் பல்லுதானே, விழுந்து முளைக்கும் விடுங்குறாங்க. என்ன செய்றது?

பாம்பன் தம்பி:
அக்கா, நான் லேசர்ல ஒரு பல் பண்ணிருக்கேன். கண்ணுக்கு கலர் கண்ணாடி மாட்டி விடுவாங்க, தண்ணி தெளிச்சுக்கிட்டே டப்டப்னு வெடிக்கிற மாதிரி சத்தம் வரும், ஆனா ட்ரில்லுல மண்டைக்குள்ள அதிருமே அது இல்ல. நேரம் கூட ஆகும். கடைசில ஃபில்லிங் எப்பவும் போல வைக்கத்தான் செஞ்சாங்க.

ராம்நாடு பல் டாக்டர்:
சகோதரி, முதல்ல அது பால் பல்லான்னு பாருங்க. 6 வயசு வாக்குல கடைசி பால் பல்லுக்குப் பின்னாடி ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும், அதுக்காக எந்தப் பல்லும் விழாது, அதனால வீட்ல யாருமே கவனிக்க மாட்டாங்க, பால் பல்லுன்னே நினைச்சு விட்டுடுவாங்க. நடுவுலேருந்து ஒரு பக்கமா எண்ணுனா ஆறாவது. அது நிரந்தரப் பல், போனா போனதுதான். இது எத்தனை பிள்ளைங்களுக்கு இப்படி வீணாப் போகுதுன்னு பாக்குறப்ப மனசு கஷ்டமா இருக்கு. பால் பல்லாவே இருந்தாலும் அந்தக் கடைவாய்ப்பல்லுங்க 10, 12 வயசு வரைக்கும் இருக்கணும், விட்டுடாதீங்க.

லேசர் நல்லதுதான். சொத்தை எடுக்குறது எர்பியம் லேசர், அதோட ஒளி அலைநீளம் 2940 நானோமீட்டர், அந்த ஒளியைத் தண்ணி நல்லா உறிஞ்சும். சொத்தையான இடத்துல ஈரம் கூட இருக்கும், அது சட்டுனு ஆவியாகி சொத்தையைத் துகளாப் பேத்துடும், நல்ல பல் அதிகம் போகாது. அமெரிக்காவுல 1997லயே அனுமதி குடுத்தாச்சு. பல பேருக்கு ஊசி தேவைப்படாது, குழி ஆழம்னா போட வேண்டி வரும். டயோடு லேசர்னு இன்னொண்ணு இருக்கு, அது ஈறு வேலைக்கு, சொத்தையை வெட்டாது, அதனால எந்த மெஷின்னு கேட்டுக்கங்க.

ஆனா இனிமே சொத்தையே வராதுங்குறதை நம்பாதீங்க. கிருமி குறையுறது லேசர் பட்ட இடத்துல மட்டும்தான். மத்தது வாய்லயே இருக்கும், இனிப்பு கிடைச்சா அமிலமாக்கும், பல்லு மேல திரும்பப் படியும்.

கீழக்கரை உம்மா:
எண்ணிப் பாத்தேன் டாக்டர், ஆறாவதுதான். பயமா இருக்கு. எங்க ஊரு இனிப்பு தொதல்னா உயிரை விடுவான், ராத்திரி கருப்பட்டி போட்ட பால் குடிச்சாத்தான் தூங்குவான், கருப்பட்டி நல்லதுதானேன்னு நானும் குடுத்துடுவேன்.

ராம்நாடு பல் டாக்டர்:
பயப்படாதீங்க, இந்த வயசுல காப்பாத்திடலாம். பல்லுக்குக் கருப்பட்டியும் சர்க்கரையும் ஒண்ணுதான். பாலை முன்னாடியே குடுத்துட்டு, ஃபுளோரைடு பேஸ்ட் பட்டாணி அளவு வச்சு நீங்களே தேய்ச்சு விடுங்க, அதுக்கப்புறம் தண்ணி மட்டும். தொதலை சாப்பாட்டோட சேத்துக் குடுங்க, நாள் முழுக்கப் பிச்சுப் பிச்சுத் திங்க விடாதீங்க. மதுரைக்குப் போறதுக்கு முன்னாடி ராம்நாட்லயே ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க, நரம்பைத் தொட்டிருந்தா வைத்தியமே வேற. ஐஸை எடுத்ததும் வலி நின்னுடுதா, இல்ல ராத்திரி சும்மா படுத்திருக்கும்போதும் வலிக்குதுங்குறானா? அதைக் கேட்டுச் சொல்லுங்க.