கொல்லைப் பறவைகளும் சம்பா நடவும்: 55-250 லென்ஸில் எப்படி எடுப்பது?

கோரையாற்றுக்கரை:

வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றானதும் சென்னையை விட்டு ஊரோடு வந்துவிட்டேன். கையில் கேனன் 1500டி கேமரா, அதோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ், அப்புறம் பழையதாக வாங்கிய 55-250 மி.மீ. ஜூம் லென்ஸ். இதற்கு மேல் செலவழிக்க இப்போதைக்கு வழியில்லை.

கொல்லையில் ஓர் எலுமிச்சை, இரண்டு முருங்கை, தென்னை. பின்னால் சின்ன வாய்க்கால், அதைத் தாண்டினால் வயல். தேன்சிட்டு, பஞ்சுருட்டான், வால்காக்கை என்று பறவைகளுக்குக் குறைவில்லை. ஆனால் படத்தில் கொக்கு வெறும் வெள்ளைத் திட்டாக விழுகிறது, ஓர் இறகுகூடத் தெரிவதில்லை. கரிச்சான் வெறும் நிழல். கிட்டே போனால் எல்லாம் பறந்துவிடுகின்றன.

எலுமிச்சையில் இடுப்பு உயரத்தில் தையல்சிட்டு கூடு வைத்திருக்கிறது. முன்னால் இரண்டு இலை மறைக்கிறது. அவற்றை நூல் போட்டு ஒதுக்கிக் கட்டினால் குஞ்சுகள் நன்றாகத் தெரியும். செய்யலாமா?

அடுத்த வாரம் எங்கள் வயலில் சம்பா நடவு. அதையும் எடுக்க ஆசை. நடவுக்கு வரும் பெண்களிடம் எப்படிக் கேட்பது என்றுதான் தயக்கம். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

வாய்க்கால்மேடு:

தம்பி, கூட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த இலைகளைத் தொடாதீர்கள். நூலும் வேண்டாம், கிளிப்பும் வேண்டாம்.

தையல்சிட்டு இலை ஓரத்தில் அலகால் துளை போட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் கோத்து இழுத்துப் பையாகத் தைக்கிறது. இலை செடியிலேயே பச்சையாக இருப்பதால் பக்கத்தில் நின்றாலும் கூடு கண்ணில் படாது. மேலே நிழல், சுற்றிலும் மறைப்பு. அந்த இரண்டு இலையை ஒதுக்கினால் குஞ்சுகள் மேல் நேர் வெயில் விழும். உங்கள் கேமராவுக்குத் தெரிவது செம்போத்துக்கும் தெரியும், உங்கள் தென்னையில் இருக்கிற வால்காக்கைக்கும் தெரியும். இரண்டுமே கூடு தேடிக் குஞ்சைத் தின்பவை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்று சொல்வதற்குள்ளேயே காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதும் அடங்குகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். இலையை வெட்டிவிட்டு எடுத்த கூட்டுப் படங்களை இணையத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

முட்டை பொரிய ஏறக்குறைய 12 நாள், குஞ்சு வெளியே வர அதன் பிறகு இரண்டு வாரம் அளவுக்கு ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்த குஞ்சுகள் உடனே ஊரை விட்டுப் போய்விடாது. சில நாள் கொல்லையிலேயே கிளைக்குக் கிளை தத்திக்கொண்டு, தாயும் தகப்பனும் ஊட்ட ஊட்டத் தின்றுகொண்டு திரியும். நல்ல படம் அப்போதுதான் கிடைக்கும், யாருக்கும் கேடில்லை.

சரி, கொக்குக்கு வருவோம். லென்ஸ் மேல் குற்றமில்லை. ஃப்ரேமில் முக்கால்வாசி நாற்றும் சேறுமாக இருந்தால் கேமராவின் மீட்டர் இருட்டு என்று எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கு வெளுத்துப்போகும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை, அதாவது மீட்டர் வைத்த வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, மைனஸ் 2/3-லிருந்து மைனஸ் 1 வரை இறக்கிப் பாருங்கள், இறகு இழை இழையாகத் தெரியும். கரிச்சானுக்கு இதற்கு நேர்மாறு. பின்னால் வானம் இருந்தால் பிளஸ் 1 ஏற்றவேண்டும். ஆனால் ஏற்றினால் வானம் வெளுத்துவிடும், எனக்கு அது பிடிக்காது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது, மாட்டின் மேல் உட்கார்ந்திருக்கிற கரிச்சானைப் பச்சை வயல் பின்னணியில் எடுங்கள். கறுப்பில் நீலம் மின்னுவது அப்போதுதான் வரும். எப்போதும் ரா ஃபைலாக (கேமரா சுருக்காத மூலப் பதிவாக) எடுங்கள்.

டயலை Tv என்ற எழுத்தில் (ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் முறை) வைத்து 1/1000 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) ஆட்டோ, ஃபோகஸ் ஏஐ சர்வோ (நகரும் பறவையைத் தொடரும் முறை), ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டும். இந்தக் கேமராவின் ஒன்பது புள்ளிகளில் நம்பத்தகுந்தது நடுவில் இருப்பதுதான். ஐஎஸ்ஓ 1600, 3200 என்று ஏறினாலும் கவலைப்படாதீர்கள். மணல்மணலாக நாய்ஸ் வந்தால் சமாளிக்கலாம், படம் ஆடிப்போனால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த பாடியில் 250 மி.மீ. என்பது, பெரிய சென்சார் உள்ள முழு ஃப்ரேம் கேமராவின் 400 மி.மீ. அளவுக்குச் சமம். 24 மெகாபிக்சல் இருப்பதால் கொஞ்சம் வெட்டியும் கொள்ளலாம். கொல்லைக்கு இது தாராளம்.

கிட்டே போகிற பிரச்சினைக்கு என் பதில், போகாதீர்கள் என்பதுதான். எங்கள் வீட்டில் சமையல்கட்டு ஜன்னல்தான் என் மறைவிடம். பழைய நூல் புடவையை ஜன்னலில் கட்டி, லென்ஸ் நுழையுமளவுக்கு விலக்கி வைத்திருக்கிறேன். வெளியே வாய் அகன்ற மண்சட்டியில் விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர், நடுவில் ஒரு கல். தினமும் கழுவி மாற்றிவிடவேண்டும், இல்லாவிட்டால் கொசுப்புழு வந்துவிடும். பக்கத்தில் ஒரு காய்ந்த கொய்யாக் கிளையை ஊன்றியிருக்கிறேன். கிளையை எங்கே ஊன்றுகிறோம் என்பதில்தான் பாதி வேலை. பின்னால் சுவர் ஒட்டி இருந்தால் சுவரின் காரை வரை படத்தில் வரும். வயல் தள்ளி இருந்தால் பின்னணி வெறும் பச்சையாகக் கரைந்துவிடும். காலையில் முதலில் தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து சட்டியைச் சுற்றிச் சத்தம் போடும். அவை போன பிறகு மைனா. தேன்சிட்டு எங்கள் சட்டிப் பக்கம் வருவதில்லை. செம்பருத்திக்குத் தண்ணீர் தெளித்துவிட்டால் ஈர இலையில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் குளிக்கும்.

பஞ்சுருட்டானுக்கு வேலிக்கம்பிதான் வீடு. பறந்தால் பின்னாலேயே கேமராவைத் திருப்பாதீர்கள். பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பும். தட்டானோ தேனீயோ, கம்பியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டக் டக்கென்று அடிக்கும். தேனீயாக இருந்தால் கொடுக்கு போகும்வரை கம்பியில் தேய்க்கும். அப்புறம் லேசாக மேலே தூக்கிப் போட்டு வாயில் வாங்கும். அந்த நொடிக்கு 1/2000 வேண்டும். 1500டி நொடிக்கு மூன்று படம்தான் எடுக்கும், அதனால் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்து பயனில்லை. அடிப்பது நின்றதும் தலையை நிமிர்த்தும் பாருங்கள், அப்போது அழுத்துங்கள்.

நடவு நடக்கும் வயலுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள். முதலில் வெறுங்கையோடு போங்கள். உங்கள் வயல் என்பதால் அவர்கள் மறுத்துப் பேசக் கூச்சப்படலாம், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குத் தலையாக ஓர் அக்கா இருப்பார். அவரிடம் கேளுங்கள், எதற்கு, எங்கே போடுவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். யாராவது வேண்டாம் என்றால் அவர் முகம் எந்தப் படத்திலும் வரக்கூடாது. ‘இன்னொரு தடவை நடுங்க’ என்று கேட்டுவிடாதீர்கள். குனிந்த முதுகு கூலிக்காக வலிக்கிறது, நம் படத்துக்காக அல்ல.

வரப்பில் நின்று எடுத்தால் எல்லாருடைய முதுகும்தான் வரும். நடவு பின்னோக்கி நகரும், ஆகவே நட்டு முடித்த பக்கத்து வரப்பில் உட்கார்ந்து தாழ்வாக எடுங்கள், முகம் கிடைக்கும். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இதுதான் இன்றைய நடவு வயல். அதை மாற்றச் சொல்லாதீர்கள். கைகளை எடுங்கள். இடது கையில் நாற்று முடி, வலது கை கட்டைவிரல் சேற்றில் இறங்கும் இடம். நாற்றங்காலில் பறித்து வேரை அலசும்போது தெறிக்கிற தண்ணீரை விட்டுவிடாதீர்கள்.

தாழைமடல்:

அக்கா சொன்ன கூட்டு விஷயத்தை அப்படியே வழிமொழிகிறேன். செல்போனில் பறவைக் குரலை ஓடவிட்டு வரவழைப்பதையும் செய்யாதீர்கள். எல்லைக்குள் வேறு ஆள் வந்துவிட்டான் என்று பதறி அலைந்து, குஞ்சுக்கு ஊட்ட வேண்டிய நேரம் வீணாகும்.

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். தோல் பையிலோ பீரோவிலோ பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடுபடுத்தி உலர்த்தித் திரும்பப் போடலாம். அறுவடை நேரத்தில் களத்துமேட்டில் நின்று லென்ஸ் மாற்றவே கூடாது, சுணை உள்ளே போய்விடும்.

புலி, யானையை எடுத்தால்தான் படம் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. இயற்கை எழுத்தாளரும் படக்கலைஞருமான மா. கிருஷ்ணன் (1912-1996) 1950-லிருந்து கடைசிவரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் எழுதிவந்தார். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த அதே மனிதர்தான் அணிலையும் காக்கையையும் ஆட்டையும் அதே அக்கறையோடு எழுதினார்.

கோரையாற்றுக்கரை:

மிக்க நன்றி அக்கா, நன்றி தாழைமடல். கூட்டுப் பக்கம் போகவில்லை. இன்று காலை மைனஸ் 1 வைத்து எடுத்ததில் கொக்கின் கழுத்து இறகு தெரிகிறது!

தை மாதம் அறுவடைக்குப் பெல்ட் வண்டி (பெல்ட் சக்கரத்தில் ஓடும் அறுவடை இயந்திரம்) தான் வரும். மின்கம்பம் வேறு குறுக்கே. இவற்றை ஒதுக்கிவிட்டு எடுப்பதா? வயலில் நத்தைகுத்தி நாரையும் இறங்குகிறது, அதற்கு ஏதாவது யோசனை உண்டா?

வாய்க்கால்மேடு:

ஒதுக்காதீர்கள் தம்பி. மெஷின் வராத வயலைத் தேடி எடுத்துவிட்டு ‘எங்கள் கிராமம்’ என்று போட்டால் அது நம் ஊர் இல்லை. பெல்ட் வண்டி நகர நகரப் பூச்சி கிளம்பும், அதற்காகக் கொக்கும் மைனாவும் கரிச்சானும் பின்னாலேயே வரும். உழவு டிராக்டருக்குப் பின்னாலும் இதே கூட்டம்தான். அந்தப் படத்துக்கு 18-55 போதும், மெஷினும் பறவையும் ஆளும் சேர்ந்து வரட்டும். ஓட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர் கண்ணில் படுகிற தூரத்திலேயே நில்லுங்கள். அறுவடை முடிந்ததும் வாத்து மேய்ப்பவர்கள் வந்தால் அவர்களிடமும் பேசிப் பாருங்கள். சிந்திய நெல்லைத் தின்ன வாத்துக்கூட்டம் வரப்பில் ஏறி இறங்குவது சாயங்கால வெயிலில் அருமையாக இருக்கும்.

நத்தைகுத்தியைப் பக்கவாட்டில் எடுங்கள். அலகு மூடியிருந்தாலும் நடுவில் சந்து இருக்கும், அதன் வழியாக வெளிச்சம் தெரியவேண்டும். சந்து தெரியாவிட்டால் உங்கள் கோணம் தவறு என்று நினைத்துவிடாதீர்கள், இளம் பறவைக்கு அந்தச் சந்து இருக்காது. வடுவூர் ஏரிப் பறவைகள் சரணாலயம் உங்களுக்குப் பக்கம்தானே, வித்தியாசத்தை அங்கே போய்ப் பழகிக்கொள்ளுங்கள்.

பொங்கல் விடுமுறையில் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கொல்லையில் 15 நிமிடம் உட்கார்ந்து பார்த்ததை இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பட்டியலாகப் போட்டால் போதும், படங்களையும் அதோடு சேர்க்கலாம். கூட்டுப் படத்தை மட்டும் சேர்க்காதீர்கள்.

நடவுப் பெண்களுக்கு 4x6 அளவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது, அது பெரும்பாலும் பிள்ளைகளின் போனோடு நின்றுவிடுகிறது. ஸ்டுடியோவில் மேட் (பளபளப்பில்லாத) பேப்பர் கேளுங்கள், விரல் தடம் அதில் அவ்வளவாகத் தெரியாது.