தம்பி ரம்மியில் விட்ட பணம்: புகார் கொடுக்கலாமா?

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி ஆன்லைன் ரம்மியில் ஒன்றரை லட்சம் வரை இழந்துவிட்டான். அந்த ஆப்பில் மீதி கிடக்கும் 18,000 ரூபாயையும் எடுக்க முடியவில்லை. கேட்டால், "இன்னும் ஐயாயிரம் கட்டுங்கள், விடுவிக்கிறோம்" என்று வாட்ஸ்அப்பில் சொல்கிறார்கள். கட்ட வேண்டாம் என்று தடுத்து வைத்திருக்கிறேன்.

நான் படித்த வரை, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று விலக்கு கொடுத்தது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்ப்பதில்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாமே தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு சிறை, 1 கோடி அபராதம் வரை உண்டு. ஆடியவருக்குத் தண்டனை இல்லை.

அப்படியிருந்தும் தம்பி பயப்படுகிறான். புகார் கொடுத்தால் அவன் மேலேயே வழக்கு திரும்புமா? சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணுக்கு அழைத்தால் போதுமா, சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போக வேண்டுமா? வங்கியிடம் என்ன எழுதிக் கேட்பது?

வக்கீல்களோ, இதைக் கடந்து வந்தவர்களோ இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அவன் சரியாகச் சாப்பிட்டே நான்கு நாள் ஆகிறது. நல்ல மனநல ஆலோசகர் மதுரைப் பக்கம் யாராவது தெரிந்தாலும் சொல்லுங்கள்.