புதுப்பிப்பு: அந்தப் பழைய செஸ் செட்டுகள் என்ன ஆயின?

எங்கள் குடியிருப்பு ஸ்டோர் ரூமில் மூட்டையாகக் கிடக்கும் செஸ் செட்டுகளை என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி. 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட் ஜோரில் வீட்டுக்கு வீடு வாங்கியவை. பாதி செட்டுகளில் ஒரு குதிரையோ ராணியோ இருக்காது.

எல்லாவற்றையும் தரையில் கொட்டி, ராஜாவின் உயரத்தை வைத்துப் பிரித்தோம். போட்டி அளவு என்றால் ராஜா சுமார் 9.5 செ.மீ., கட்டம் 5 முதல் 6 செ.மீ. அதில் தேறியவை, காணாமல்போன காய்களுக்கு வேறு செட்டுக் காய்களைச் சேர்த்து, அருகிலுள்ள பள்ளிக்குப் போய்விட்டன.

இங்கே ஒருவர் சொன்ன யோசனைதான் பிரமாதம்: சின்ன மரச் செட்டுகளைப் பார்வையற்றோர் ஆடும் செட்டாக மாற்றுவது. கட்டம்தோறும் நடுவில் ஒரு துளை, காயின் அடியில் அதில் உட்காரும் முளை. கறுப்புக் கட்டங்கள் சற்று மேடாக இருக்க வேண்டும். 32 மெல்லிய ப்ளைவுட் சதுரங்களை வெட்டி ஒட்டினோம். கறுப்புக் காய்களின் தலையில் குண்டூசியின் கொண்டை மட்டும் துருத்தும்படி அடித்தாயிற்று, தடவினாலே நிறம் தெரியும். துளை கொஞ்சம் லூஸானாலும் காய் ஆடும். அதனால் தச்சரிடம் கொடுத்துவிடுவதே உத்தமம். எங்கள் தச்சர் காசு வாங்கவில்லை, டீயோடு சரி.

சிப்பாய்களை டிராயர் கைப்பிடியாக்கச் சொன்னவருக்கு: மரக் காய் என்றால் கவலையே இல்லை. மலிவான பிளாஸ்டிக் காய்க்கு உள்ளே வெறும் கூடு, திருகு பிடிக்காது. எம்-சீல் அடைத்து, அது இறுகிய பிறகு துளையிட்டால் நிற்கிறது.

கீ செயினுக்குக் காய் கேட்டவர்கள் சொல்லுங்கள், யானைகள் நிறைய மிச்சம்.