உங்களை விடாமல் உறுத்தும் பெரிய எண் எது?

மீதிபூஜ்யம்:
31, 331, 3331 வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 33333331 வரை ஏழும் பகா எண்களே. அடுத்ததை நானே சோதிக்க உட்கார்ந்தேன்: 333333331. 7, 11, 13 தாண்டியாயிற்று. 17ஆல் வகுத்தேன், மீதி பூஜ்யம்! ஈவு 19607843. ஏழு எண்கள் வரை காப்பாற்றிய ஒழுங்கை இத்தனை சின்ன எண் குலைத்துவிட்டதே என்று இன்றும் ஆறவில்லை. ஏன் 17?

காரணிதேடி:
எனக்கு 147573952589676412927. 2இன் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 1644இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் இதைப் பகா எண் பட்டியலில் சேர்த்திருந்தார். 1876இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா அப்படி இல்லை என்று நிறுவினார், ஆனால் ஒரு காரணியைக்கூடக் காட்டவில்லை. 1903இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் காட்டினார்: 193707721 × 761838257287. அந்தப் பெருக்கலை நீளத் தாளில் போட்டுப் பார்த்தேன். கூட்டி முடித்து இடது ஓரத்தில் அந்த 1 விழுந்தபோது மெய் சிலிர்த்தது. ஆனாலும் என்னை உறுத்துகிறவர் லூக்காதான். ஓர் எண்ணை உடைக்காமலேயே அது உடையும் என்று 27 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட முடிகிறதே!

வாய்பாடு:
பத்தொன்பது 1கள் வரிசையாக நிற்கும் எண் ஒரு பகா எண் என்று படித்ததும் நம்ப மறுத்தேன். என் கதை அவ்வளவுதான்.

மீதிபூஜ்யம் அவர்களே, ஒழுங்கு குலைந்தது என்று நீங்கள் சொல்வதை ஏற்க மாட்டேன். அங்கேதான் ஒழுங்கே இருக்கிறது. 2, 3, 5, 7, 11, 13 இவற்றில் எதுவும் அந்த வரிசையின் எந்த எண்ணையும் வகுக்காது, எவ்வளவு நீளம் போனாலும். வகுக்கக்கூடிய முதல் பகா எண் 17தான். 10இன் அடுக்குகளை 17ஆல் வகுத்தால் மீதிகள் 16 படிகளுக்கு ஒரு முறை திரும்பும். ஆகவே 9 இலக்க எண்ணில் வந்த 17, 25 இலக்க எண்ணிலும் வரும். 31ஐ எடுத்துக்கொண்டால் சுற்று 15. எனவே வரிசையின் முதல் எண்ணான 31, அதன் 17 இலக்க எண்ணை வகுத்தே தீரும். வரிசை முழுவதும் பகா எண்களாக இருக்கவே முடியாது என்பதற்கு 31 ஒன்றே போதும். இனி இப்படி ஒரு வரிசையைக் கண்டால், உடனே வகுக்கத் தொடங்காமல் முதலில் மீதிகளின் சுற்றைக் கணக்கிடுங்கள். பாதி வேலை மிச்சம்.

இலக்கன்:
3608528850368400786036725. முதல் 2 இலக்கங்கள் 2ஆல், முதல் 3 இலக்கங்கள் 3ஆல் என்று 25 வரை வகுபடும். 3608528ஐ 7ஆல் வகுத்தேன்: 515504. அதற்கு மேல் எழுந்திருக்க முடியவில்லை, கடைசி வரை போனேன். பிறகு 26ஆவது இலக்கம் ஒன்றை ஒட்டப் பார்த்தேன். 26ஆல் வகுபட அங்கே 14 வேண்டும். 9க்கு மேல் இலக்கம் ஏது?