வடிவம்தான் காரணமா? நுண்ணோக்கி சாருக்கு ஒரு கேள்வி

கல்ச்சர்தட்டு: "கேண்டிடா கிருமி உருண்டை ஈஸ்டாக இருக்கும்வரை புளூகோனசோலுக்கு அடங்கும், நீள இழையாகிவிட்டால் மருந்து எடுபடாது" என்று நேற்று நுண்ணோக்கி சார் அடித்துவிட்டிருந்தார். அதற்கு எழுபது லைக் வேறு. சரி, கேண்டிடாவில் ஒரு வகையான கேண்டிடா ஆரிஸ் இழை விடுமா? சாதாரணமாக விடாது. உருண்டையாகவே இருந்துகொண்டு புளூகோனசோலை ஏப்பம் விடுகிறதே, எப்படி?

நுண்ணோக்கி: நான் சொன்னது கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற வகையைப் பற்றி. கதீட்டர் குழாயில் அது கூட்டமாக ஒட்டிக்கொண்டு கட்டும் உயிர்ப்படலத்துக்கு இழைதான் முட்டுக்கொடுக்கிறது. படலத்தில் இருக்கும் பீட்டா குளூக்கன் பசை மருந்தை உள்ளே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். பாடப்புத்தகத்தைப் புரட்டுங்கள்.

கல்ச்சர்தட்டு: பிடிப்பது பசை. வடிவமா பிடிக்கிறது? நேற்றைய பதிவில் அல்பிகன்ஸ் என்ற பெயரே இல்லை. கேண்டிடாவை ரத்த சீரத்தில் போட்டு 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காத்திருந்து, இழையின் முளையான ஜெர்ம் டியூப் வருகிறதா என்று பார்ப்பது எனக்கு 11 வருடப் பிழைப்பு. புத்தகம் எனக்கு வேண்டாம். ஆரிஸ் இழை விடுமா, விடாதா?

வேப்பமரத்தடி: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். கிரிப்டோகாக்கஸ் என்ற இன்னொரு ஈஸ்ட் நுரையீரலுக்குள் 10 மைக்ரானுக்கு மேல் ஊதிப்போய் டைட்டன் என்ற ராட்சத செல் ஆகிறது. அதிலிருந்து பிறக்கும் செல்களில் சில புளூகோனசோலைத் தாங்குகின்றன. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கல்ச்சர்தட்டு: அது வடிவம் இல்லை, அளவு. தாங்குவதும் குரோமோசோம் எண்ணிக்கை மாறுவதால். ஆரிஸுக்கு வாருங்கள்.

வேப்பமரத்தடி: அளவு வடிவத்தில் சேராதா? இது எந்த ஊர் நியாயம்?

தனித்தமிழ்ச்செல்வன்: அதென்ன எல்லோரும் பூஞ்சை, பூஞ்சை என்று? பூசணம் என்று எழுதினால் குறைந்தா போவீர்கள்?

வேப்பமரத்தடி: இங்கே இதுவரை யாருமே பூஞ்சை என்று எழுதவில்லையே ஐயா. அப்புறம், பூசணம் எங்கள் வீட்டில் ஊறுகாயில் பிடிப்பது.

நுண்ணோக்கி: 2018-இல் எலிக்குள் செலுத்தி எடுத்த ஆரிஸ் இழை விட்டிருக்கிறது. போதுமா?

கல்ச்சர்தட்டு: எலிக்குள் போய் வந்தால்தானே! ஐசியூவில் பரவுகிற ஆரிஸ் எந்த எலிக்குள் போய் வந்தது? புளூகோனசோல் தாக்கும் நொதியைத் தரும் ஈஆர்ஜி11 மரபணுவில் மாற்றம், மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் பம்ப். இதெல்லாம் உருண்டையிலும் உண்டு. இன்னொரு வகையான கேண்டிடா கிளாப்ராட்டாவும் இழை விடாது, அதற்கும் புளூகோனசோல் சரியாக எடுபடாது. ஆரிஸ் என்றால் லத்தீனில் காது. உங்கள் காதில்தான் ஏறமாட்டேன் என்கிறது.

நுண்ணோக்கி: தோசை மாவு புளிப்பது ஈஸ்டாலா பாக்டீரியாவாலா என்ற சண்டையில் போன மாதம் மூக்குடைபட்ட கோபம் இன்னும் தீரவில்லை போல.

கல்ச்சர்தட்டு: மூக்குடைபட்டது நானா? அந்தப் பதிவை அழித்தது யார்?

வேப்பமரத்தடி: இந்த இழை நீளுவதைப் பார்த்தால் இதற்கும் எந்த மருந்தும் எடுபடாது.

தனித்தமிழ்ச்செல்வன்: என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஐசியூ என்கிறார், பம்ப் என்கிறார்...

கல்ச்சர்தட்டு: என் கேள்விக்கே வரவில்லை, நீங்கள் வரிசையில் நில்லுங்கள். நுண்ணோக்கி சார், எலியை விடுங்கள். விடுமா, விடாதா?